மரத்திற்கு இட்ட காப்பு



தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறித் தம் மொழியைப் பேணிவரும் மக்களைப்பற்றி எண்ணுங்கால் நம் நினைவிற்கு முதலில் வருவது மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்று வைணவர் போற்றும் இம்மலையூர் பழைய மைசூர் நாட்டைச் சேர்ந்தது; 1939-ஆம் ஆண்டு மாண்டியா மாவட்டம் அமைந்தபோது அம்மாவட்டத்தின்பாற் சேர்ந்தது. மைசூர் நகரினின்றும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்தில், இராமாநுசர் இங்கே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார் என்பது வைணவ மரபு. அவரோடும் அவருக்குப் பின்னும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வீட்டிற்குள் தமிழ் பேசுகின்றனர். வாயிலைத் தாண்டினால் கன்னடம். டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று. அவர்களுக்கு எண்ணூறு ஆண்டுப் பழக்கம், நமக்கு ஓரிரு தலைமுறை; வேறுபாடு அவ்வளவே.

இப்படி இரு மொழிகளுக்கிடையே வாழ்ந்தோர் காட்டு மரங்களின் பெயர்களைக் கேட்டபோது அந்நியமாக உணர்ந்திருக்கமாட்டார்கள். நாம் ஈட்டி என்னும் மரத்தை மலையாளத்தார் வீட்டி என்பர். கன்னடத்தார் பீட்டெ என்பர். நம் தேக்கு அங்கே தேகமாம். தமிழில் சொல்முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டளவிலிருந்து படிப்படியாக ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆயிற்று, பள்ளி ஹள்ளி ஆயிற்று. அவ்வாறே புங்கு ஹொங்கெயாகியது. கடைசலுக்குரிய வெண்மரமாகிய பாலை ஹாலெயாகியது. எள்ளின் நெய்யாகிய எண்ணெயும் எண்ணெ என அங்கே வழங்குகிறது. அரக்கோ அரகு என்று நிற்கிறது. மரமும், அம்மரத்திற்குப் பூசும் பொருளும், இரண்டின் பெயர்களும் இரு நாட்டார்க்கும் பொதுச்செல்வம். இவற்றுள் எண்ணெய், மெழுகு, அரக்கு என்னும் மூன்றைக்கொண்டு மரத்தைக் காத்த வரலாறே இன்று நாம் பேசப் புகும் பொருள்.

காப்பு என்ற சொல்லைத் தமிழர் கோயில் வழக்கில் நன்கறிவர். தைலக்காப்பு, சந்தனக்காப்பு என்போம். திருமேனிக்கு அழகு செய்வதும் அதனை அழியாமற் பேணுவதும் ஒரே செயல் என்ற கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. மரத்திற்கு இக்காப்பு மிகவும் வேண்டும். கல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும், மரம் அவ்வாறன்று. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், கோடையில் சுருங்கும், பருத்தும் சுருங்கியும் வெடிக்கும். ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பின்னர்ச் செல்லு வரும்.

இராமாநுசர் இளமையிற் பயின்ற காஞ்சியிலேயே இதற்கு ஒரு வியப்பான சான்றுண்டு. வரதராசர் கோயிலின் அனந்தசரசு என்னும் குளத்தினடியில் அத்திமரத்தாலான பெருமாள் திருமேனி வைக்கப்பெற்றிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெளியே எடுத்து மக்கள் வழிபடச் செய்வர். 1979-இல் எடுத்தனர்; பின்னர் 2019-இல் எடுத்து 48 நாட்கள் வைத்திருந்தனர். நீரில் கிடந்தும் மரம் எவ்வாறு மட்காதிருக்கிறது என்று பலரும் வினவினர். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். செல்லோ நீருக்கடியில் வாழாது. முழுவதும் மூழ்கிய மரத்திற்குக் காற்றுக் கிட்டாமையின் பூஞ்சை வளர்வதற்கு வழியில்லை. நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி நிற்கும் மரமே விரைவில் அழியும். ஊஞ்சற்பலகையினும் குளியலறைக் கதவு முன்னர் உளுத்துப்போவது இதனாலேதான். ஒரிசாவின் பூரித் திருத்தலத்தில் வழி வேறு. அங்கே வேப்ப மரத்தாலான திருமேனிகளை 1996, 2015 போன்ற குறித்த ஆண்டுகளில் புதியனவாகச் செய்துகொள்கின்றனர். இடைப்பட்ட ஆண்டுகளிலோ, நீராட்டு விழாவிற்குப்பின், மணமலர்கள் இட்டு நெடுநாள் ஊறவைத்த எள்ளெண்ணெயைச் சாத்துகின்றனர். பெருநீராட்டில் நனைந்த மரத்திற்கு மீண்டும் காப்பிடும் முறை அது என்று கொள்வதில் தவறில்லை.

பழைய நூல்களிலும் இவ்வறிவு பதிந்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில் வச்சிரலேபம் என்ற பூச்சிற்கு ஓர் இயலையே ஒதுக்கியுள்ளார். காய்களையும் பட்டைகளையும் நீரிலிட்டு எட்டிலொரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, அதனோடு குங்கிலியம், குக்குலு முதலிய பிசின்களையும், ஆளிவிதை, வில்வம் ஆகியவற்றையும் சேர்க்கச் சொல்கிறார். அடுத்துக் கூறும் மற்றொரு கலவையில் அரக்கும் இடம்பெறுகிறது. கோயில், மாளிகை, திருவுருவம், கிணறு ஆகியவற்றிற்குச் சுடச்சுட இதனைப் பூசினால் கோடியாண்டு நிற்கும் என்பது அவர் வாக்கு. கோடியாண்டை விட்டுவிடலாம், சோதிடர்களுக்குப் பேரெண்ணில் விருப்பம் மிகுதி. நாம் கருதத்தக்கது பொருள்களின் தேர்வே. உலர்ந்து இறுகும் எண்ணெயைத் தரும் ஆளிவிதையும், கரைந்து படலமாகும் பிசினும், உருகி ஒட்டும் அரக்கும் ஓரிடத்திற் கூடியது தற்செயலன்று.

உலர்ந்து இறுகும் எண்ணெய் என்றோம். இவ்விடத்தில்தான் நம் இல்லங்களிற் பெரும்பிழை நேர்கிறது. எண்ணெய்கள் எல்லாம் ஓரினமல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுத் தானே இறுகிப் பிசின்போலாகும். மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்தபின் இறுகுவதால் உள்ளிருந்தே காக்கிறது. தேங்காயெண்ணெய்க்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் அக்குணம் இல்லை. எள்ளெண்ணெய் இவ்விரு வகைக்கும் இடைப்பட்டது. மரத்தின்மேல் நெடுநாள் பிசுபிசுத்தே நிற்கும். இவற்றைப் பலகைக்குத் தடவினால் முதல்நாள் பளபளப்பாக இருக்கும். ஒரு திங்களில் தூசியை வாரிச் சேர்த்துக்கொண்டு சிக்குநாற்றம் எடுக்கும். டில்லிக் குளிரில் புட்டிக்குள் கல்லாகும் தேங்காயெண்ணெய் மரத்தினுள் மட்டும் என்ன செய்துவிடும்?

ஆயின் நம் முன்னோர் உலரா எண்ணெய்களைப் பயன்படுத்தவில்லையா என்று கேட்கலாம். பயன்படுத்தினர், ஆனால் அதன் நோக்கம் வேறு. தேரின் அச்சிற்கு இலுப்பை எண்ணெய் இட்டது உராய்வைத் தணிக்க. வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் தடவியது பூச்சிகளை விலக்க. கரையோரத்தார் படகின் பொருத்துவாய்களை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசினர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக முந்திரி வந்தபின், அதன் கொட்டையோட்டிலிருந்து வடியும் கரிய காரநெய்யையும் படகுகளுக்கும் உத்தரங்களுக்கும் பூசிச் செல்லைத் தடுத்தனர். அந்நெய் கைபட்டால் தோலைப் புண்ணாக்கும். வீட்டுப் பொருளுக்கு ஏற்றதன்று.

ஆளி எண்ணெயைப் பூசும் முறை மிக எளிது. அவசரப்படுவோர்க்குத்தான் அது கடினம். மரத்தை நன்கு தேய்த்துத் தூசி நீக்கி, எண்ணெயை மெல்லிதாக, மரவரி ஓடும் திசையிலேயே துணியால் தேய்க்கவேண்டும். கால்மணி நேரங் கழித்து, மரம் ஏற்காது மேலே நின்ற எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடவேண்டும். துடையாது விட்டதே பின்னர்ப் பிசுக்காகும். ஒருநாள் இரண்டுநாள் உலரவிட்டு மீண்டும் பூசலாம். மேனாட்டுத் தச்சரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது: முதல் வாரம் நாடோறும், பின்னர் ஒரு திங்கள்வரை வாரந்தோறும், அதன்பின் ஓராண்டு திங்கள்தோறும் என்பதாம். நம் நாட்டில் இவ்வளவு பொறுமையுள்ளோர் சிலரே. மூன்று நான்கு பூச்சுகள் போதும் என்பது நம் கருத்து. ஒன்றை மட்டும் மறவற்க. ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையிலே போட்டால், எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பம் உள்ளேயே தங்கித் தானே தீப்பற்றும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்துதல் வேண்டும். அல்லது நீரில் நனைத்து அப்புறப்படுத்துதல் வேண்டும்.

மெழுகைப்பற்றிச் சுருங்கச் சொல்லலாம். தேன்மெழுகு மரத்தினுள்ளே புகுவதில்லை. மேலே தங்கி மெருகு தரும். ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகும். வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்தபின், மெழுகு ஒரு பங்கிற்குக் கற்பூரத்தைலம், அதாவது டர்ப்பென்டைன், மூன்று பங்கு கலந்தால் குழைவான பூச்சாகும். தைலம் தீப்பற்றுவது, அடுப்பெரியும்போது கலத்தல் ஆகாது. மெழுகின் சிறப்பை அறிய வேண்டுமாயின் வீணையைப் பாருங்கள். பலாமரத்தண்டின்மீது இருமருங்கும் மெழுகினால் வரம்பு கட்டி, அதன்மேல் இருபத்துநான்கு உலோக மெட்டுகளைப் பதிக்கிறார்கள். தனி மெழுகு தாங்காது. குங்கிலியமும் புகைக்கரியும் சேர்த்துக் கடினமாக்குவர். மைசூர் அரசவையில் வீணை சேஷண்ணர் (1852–1926) போன்றோர் வாசித்த இசையின் சுருதித் தூய்மை, ஒருவகையில், இம்மெழுகு வரம்பின் உறுதியைச் சார்ந்து நின்றது எனலாம். வடநாட்டுக் கோடையில் வீணையைச் சன்னலோரம் வைத்துவிட்டு, மெட்டு நகர்ந்துவிட்டதே என்று வருந்துவோர் வெயிலைத்தான் நோதல் வேண்டும்.

இனி அரக்கு. மைசூர் நாட்டின் பெருமை இதில்தான் விளங்குகிறது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு அரக்கு என்ற சொல் சில சமயம் தொல்லை தருவதுண்டு. சீனத்திலும் சப்பானத்திலும் மரத்திற்குப் பூசும் கரிய பளபளப்பையும் ஆங்கிலத்தார் நம் லாக்ஷா என்ற சொல்லினின்றும் பிறந்த பெயராலேயே அழைத்துவிட்டனர். இரண்டும் வெவ்வேறு பொருள்கள். சப்பானியரது உருஷி என்பது ஒரு மரத்தின் பால். ஈரக்காற்றில் இறுகி, நீருக்கும் வெந்நீருக்கும் அஞ்சாது நிற்பது. நம் அரக்கோ ஒரு சிறுபூச்சியின் படைப்பு. புரசு, கும்பாதிரி, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் இப்பூச்சிகள் இலக்கக்கணக்கில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சித் தம்மைச் சுற்றிப் பிசினால் ஓடு கட்டிக்கொள்கின்றன. இலக்கம் என்னும் பேரெண்ணிலிருந்தே லாக்ஷா என்ற பெயர் வந்ததென்பாருமுளர். நாம் அதனை வற்புறுத்த விரும்பவில்லை. கிளையோடு வெட்டிச் சுரண்டி எடுத்த அரக்கைக் கழுவினால் செஞ்சாயம் பிரியும். மகளிர் அடிக்கு ஊட்டிய செம்பஞ்சுக் குழம்பு அதிலிருந்து பிறந்ததே. செம்மைக்கு அரக்கை உவமை சொல்லும் வழக்கம் அகநானூற்றிலேயே காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயங்கள் வந்து அச்சாய வாணிகத்தை அழித்தன. பிசின் மட்டும் பிழைத்தது. பீகாரின் பகுதியாயிருந்து இன்று சார்க்கண்டில் சேர்ந்துள்ள இராஞ்சிக்கு அருகே, நாம்கும் என்னுமிடத்தில், 1924-ஆம் ஆண்டிலேயே அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது. அப்பகுதிகளில் வாழும் அன்பர்கள் காடுகளில் இத்தொழிலை நேரிற் காணலாம். கிட்டப்பாவின் குரலை நம் பெற்றோர் கேட்டு மகிழ்ந்த பழைய இசைத்தட்டுகளும் கல்தூளோடு கலந்த அரக்கே. கைதவறினால் அவை உடைந்ததும் அதனாலேதான்.

பெங்களூர் – மைசூர்ப் பெருவழியில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் சன்னபட்டணம் உள்ளது. அங்கே நாம் முன்னே கூறிய பாலை மரத்தைக் கடைந்து பொம்மைகள் செய்கின்றனர். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞரை வரவழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பார் சப்பானிய முறைகளைப் பயின்று வந்து இத்தொழிலுக்குப் புத்துயிர் அளித்தார் என்றும் கூறுவர். அவர்கள் கடைசற்பொறியில் மரம் சுழலும்போதே வண்ண அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துகின்றனர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டுகிறது. நெருப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. பின்னர் உலர்ந்த தாழைமடலை அழுத்தினால், திட்டுத்திட்டாக நின்ற அரக்கு சீராகப் பரவிக் கண்ணாடிபோல் ஒளிர்கிறது. பட்டுத்துணியாலும் கைவராத மெருகு தாழைமடலால் வருவது எண்ணி மகிழத்தக்கது. மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்களைக் கலந்த அரக்கு, பொம்மையை வாயில் வைக்கும் குழந்தைக்கும் தீங்கு செய்யாது.

இம்முறை ஓரூருக்கே உரியதன்று, இந்தியாவெங்கும் பரவியிருந்தது. 1583 முதல் 1588 வரை கோவாவில் தங்கியிருந்த லின்ஷோட்டன் என்னும் டச்சுக்காரர், 1596-இல் வெளியிட்ட தம் பயணநூலில், இந்நாட்டார் மரத்தைக் கடையும்போது அரக்கை அதன்மேல் உருக்கி ஏற்றிக் கட்டிலும் மேசையும் செய்வதையும், அதன் ஒளியையும் வியந்தெழுதியுள்ளார். சாராயத்தில் அரக்கைக் கரைத்துத் துணிப்பொதியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிறந்தோங்கிப் பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயருடன் நமக்கே திரும்பி வந்தது. நம் சரக்கு, அவர்கள் பெயர்.

மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராச உடையார் காலத்தில், 1937-ஆம் ஆண்டு, நாட்டுக் காடுகளின் அரக்கைக்கொண்டு வாழும்படி மைசூரில் ஓர் ஆலை நிறுவப்பெற்றது. அலுவலகங்களில் உறைகளுக்கு முத்திரையிடும் செவ்வரக்கையும், பின்னர் வார்னிஷ்களையும் செய்தது. 1962-ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலிலிருந்து வாக்காளர் விரலில் இடும் அழியா மையைச் செய்து வருவதும் இதே ஆலையே. 1989-இல் பெயர் மாறியபோது அரக்கு என்னும் சொல் அதன் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கிப்போயிற்று. மரத்திற்குப் பூசும் பொருள்களின் வரலாறு முழுவதும் அப்பெயர் மாற்றத்தில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

மைசூரின் மற்றொரு கலையாகிய ஈட்டிமரப் பதிப்பு வேலைக்கு அரக்கே ஏற்றது. ஈட்டியில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதன்மேல் பூசிய ஆளி எண்ணெய் எளிதில் உலராது. முன்னாளில் தந்தத்தைப் பதித்தனர். 1986, 1991 ஆகிய ஆண்டுகளின் சட்டத்திருத்தங்கள் தந்த வாணிகத்தை நிறுத்தியபின் வேறுநிற மரங்களையும் பிளாஸ்டிக்கையும் பதிக்கின்றனர். சந்தனத்திற்கோ எதுவும் பூசாமலிருப்பதே பூச்சு. நறுமணத்தை மூடிவைத்தபின் சந்தனம் எதற்கு?

அரக்கிற்குக் குறைகளும் உண்டு. சூட்டிற்கும் நீருக்கும் சாராயத்திற்கும் அது தோற்கும். மெருகிட்ட மேசையின்மேல் சுடச்சுடக் காப்பித் தம்ளரை வைத்தால் வெண்வளையம் விழும். ஈரம் படலத்துக்குள் புகுந்ததன் அடையாளம் அது. சாராயத்தில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒரேமுறை மெல்லத் தடவினால் பெரும்பாலும் மறையும். இருமுறை தேய்த்தால் மெருகே போய்விடும். இக்குறைகளைச் சுட்டியே இரசாயனப் பூச்சுகள் இன்று கடைகளை நிறைத்துவிட்டன. அவை நீருக்கு அஞ்சுவதில்லை, உண்மையே. ஆயினும் பிளாஸ்டிக் படலம் ஓரிடத்தில் உரிந்தால் முழுவதையும் சுரண்டியே மீண்டும் பூசவேண்டும். எண்ணெயும் அரக்கும் மெழுகும் அவ்வாறல்ல. பழுதான இடத்தில் மட்டும் மேலே பூசினால் பழையதோடு புதியது இணங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக வரவேண்டிய பொருளுக்கு இதுவே பெரிய குணம். மரவாகனங்களின் பழைய வண்ணத்தின்மேல் பளிச்சிடும் எனாமலை அப்பி, உளியின் நுண்வேலையை மூடிவிடும் வழக்கம் பல ஊர்களில் பரவிவருவது வருத்தத்திற்குரியது.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஊரிலிருந்து வந்த மரப்பொருள் ஒன்றிரண்டேனும் இருக்கும். கடற்காற்றின் ஈரத்திற்குப் பழகிய மரம் வடநாட்டின் உலர்காற்றில் வெடிக்கத் தொடங்கும். வரண்ட கோடை வருமுன் அதனை ஆய்வது நலம். தேக்கு ஊஞ்சலுக்கும் மணைக்கும் ஆளி எண்ணெய் போதும். அமர்வதாலும் எழுவதாலும் தேயும் இடத்தில் ஆண்டுக்கொருமுறை மீண்டும் பூசலாம். கைபடாத அலமாரிக்கும் படச்சட்டத்திற்கும் அரக்கு அழகு. எண்ணெய் முற்றும் உலர்ந்தபின்னரே அரக்கு, அரக்கின்மேலே மெழுகு. மெழுகிட்ட மரத்தின்மேல் அரக்கு ஒட்டாதாதலின் இவ்வரிசையை மாற்றலாகாது. கரைத்து ஆறு திங்களுக்கு மேலான அரக்கு நீர்மம் மரத்தில் இறுகாது பசையாகவே நிற்கும். வாங்கும்போது நாளைக் கேட்டறிக, அல்லது செதிளாக வாங்கி வேண்டும்பொழுது கரைத்துக்கொள்க. மழைநாளிற் பூசவேண்டா, படலம் வெளுக்கும். கொலுவில் வைக்கும் செம்மரத்து மரப்பாச்சிக்கு ஒன்றுமே பூசாது, உலர்ந்த துணியால் துடைத்து வைத்தாற் போதும்.